எங்க போச்சு?

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் காதில் அதிகம் விழும் சொல் 'போச்சு' என்பதுதான். கிளட்ச் போச்சு, பேரிங் போச்சு, செயின் போச்சு, பல்பு போச்சு. படாளத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் கடை போட்ட நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்பவர் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதற்குள் என் கை தானாக அலமாரிக்குப் போய்விடும். என் பிழைப்பே அந்தச் சொல்லில் ஓடுவதால் அதை நான் சந்தேகப்பட்டதே இல்லை. சந்தேகப்பட்ட ஒரே மனுஷி, கோவளத்திலிருந்து மீன் கொண்டு வந்து விற்ற ஓர் அக்கா.

அவர் பெயர் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. பெண்கள் 'மீன்காரம்மா' என்பார்கள். நானும் பக்கத்துக் கொட்டகை மெக்கானிக்கும் மட்டும் 'எங்க போச்சு அக்கா' என்போம், அவர் காதில் விழாத தூரத்தில். இப்போது அவர் இந்தப் பக்கம் வருவதில்லை. கோவளம் மார்க்கெட்டிலேயே நிரந்தரமாக ஓர் இடம் பிடித்துவிட்டார். ஆனாலும் எவனாவது கல்லா முன்னால் நின்று 'போச்சு' என்றால், அலமாரிக்குப் போகிற என் கை பாதி வழியில் நின்றுவிடுகிறது. வியாபாரிக்கு இது நல்ல பழக்கம் இல்லை.

அக்காவுக்கு ஐம்பதை நெருங்கிய வயது. புடவையை இழுத்துச் செருகி, மேலே ஒரு முழுக்கைச் சட்டை போட்டு, ஹெல்மெட்டுக்கு அடியில் துண்டு சுற்றியிருப்பார். வண்டி பழைய நூறு சிசி மோட்டார் சைக்கிள். கியர் வைத்தது. ஸ்கூட்டியெல்லாம் அவருக்கு விளையாட்டுச் சாமான். பின் சீட்டைக் கழற்றி, இரும்புச் சட்டம் அடித்து, அதில் ஐஸ் பெட்டியைக் கட்டியிருந்தார். விடியும் நேரத்தில் கோவளத்தில் படகு ஒதுங்கும் இடத்திலேயே மீன் எடுத்து, திருப்போரூர், செங்கல்பட்டு வழியாகப் பாலாற்றுப் பாலம் தாண்டி எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது நாங்கள் நாஸ்தா முடித்திருப்போம்.

அவர் ஒருநாளும் கூவி விற்றதில்லை. தெருமுனையில் வண்டியின் தடதட சத்தம் கேட்டாலே பெண்கள் சட்டியோடு வாசலுக்கு வருவார்கள். பூனைகள் அவர்களுக்கும் முன்னால் வந்திருக்கும். "கத்தறதுக்கு எனுக்கு இன்னா தலையெழுத்து? அதான் இது கத்திகினு வருதே" என்று பெட்ரோல் டேங்கைத் தட்டுவார்.

அந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டது என் கடைக்குள் வைத்துத்தான். பிரேக் கேபிள் வாங்க வந்திருந்தார். லைட் அணைந்தது.

"கரண்ட் போச்சு. கொஞ்சம் இரு அக்கா, வரட்டும்" என்றேன்.

"எங்க போச்சு?"

"எங்கன்னா? போச்சுக்கா."

"ஊருக்கே போச்சா, உனுக்கு மட்டும் போச்சா தம்பி?"

எதிர் டீக்கடையில் ஃபேன் நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. என் மெயின் பாக்ஸில்தான் ஃபியூஸ் எரிந்திருந்தது. "போச்சுன்னு சொல்லிட்டுக் குந்திகினு இருந்தா, அதுவா நடந்து வருமா?" என்று கேட்டுவிட்டுக் கேபிளை வாங்கிக்கொண்டு போனார். மீன்காரம்மாவுக்கு என் மெயின் பாக்ஸில் என்ன வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே கம்பியை மாற்றினேன். எரிச்சலாகத்தான் இருந்தது.

எல்லோருக்கும் அவரைப் பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். எங்கள் பின் தெருவில் ஒரு வீட்டுப் பெண், காலேஜுக்குப் போனவள், அன்றைக்குத் திரும்பவில்லை. மறுநாள் காலை அவள் அம்மா வாசலில் உட்கார்ந்து 'மானம் போச்சே, மானம் போச்சே' என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். சுற்றி நின்ற பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். அக்கா வண்டியை நிறுத்தினார். மீனுக்காக நீண்ட சட்டிகளை ஒதுக்கிவிட்டு நேராக அவளிடம் போனார்.

"மானம் அப்பறம் போவட்டும். பொண்ணு எங்க போச்சு? யாராச்சும் தேடுனீங்களா?"

அக்கா ஐஸ் பெட்டியை அவிழ்த்து என் கடை வாசலில் இறக்கினார். இரும்புச் சட்டத்தின் மேல் கோணியை மடித்துப் போட்டு, அந்த அம்மாவை ஏற்றிக்கொண்டு, பெண் படிக்கும் காலேஜ் இருந்த மதுராந்தகத்துக்குப் போனார். பெண் அங்கே சிநேகிதி வீட்டில் இருந்தாள். பரீட்சையில் தவறியதை வீட்டில் சொல்லப் பயந்து ஒளிந்திருக்கிறாள், அவ்வளவுதான். அவர்கள் திரும்பும்வரை நான் பெட்டியைக் காவல் காத்தேன். ஊரிலுள்ள அத்தனை பூனைகளுடனும் அன்று எனக்குப் பகை வந்தது. ஆனால் அந்த அம்மா அதற்குப் பிறகு அக்காவிடம் மீன் வாங்கவில்லை. நாலு பேர் நடுவில் அப்படிக் கேட்டுவிட்டாராம்.

மாசி மாதம் வண்டிக்கு உடம்பு கெட்டது. நின்றுவிடவில்லை. ஆனால் ஆயில் குடிக்க ஆரம்பித்தது. பாலம் ஏறும்போது இழுவை இல்லை. பின்னால் நீலப் புகை. காலையில் கிளப்பும்போது உள்ளே யாரோ சுத்தியல் கொண்டு தட்டும் சத்தம்.

மெக்கானிக் என் மச்சான்தான், என் மனைவியின் தம்பி. கை சுத்தமான வேலைக்காரன், வாய்தான் அவசரம். வண்டியை ஒரு உதை உதைத்து, ரெண்டு முறுக்கு முறுக்கிக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"இஞ்சினே போச்சுக்கா. பழைய இரும்புல போட்டுட்டு ஒரு ஸ்கூட்டி எடு."

"இஞ்சின்ல எங்க போச்சு?"

"எல்லாந்தான் போச்சு. வயசாயிடுச்சில்ல?"

"வயசு எனுக்குந்தான் ஆவுது. எங்க போச்சுன்னு சொல்லு நைனா."

"தெறந்தாதான் தெரியும்."

"தெறந்தா எப்ப மூடுவ?"

மச்சான் தலையைச் சொறிந்தான். பிரிக்க வேண்டும், லேத்துக்குச் செங்கல்பட்டு அனுப்ப வேண்டும், லேத்துக்காரன் எப்போது கொடுப்பானோ. ஒரு வாரம் என்றான், பத்து நாள் என்றான். அக்கா முகம் இறுகிவிட்டது.

காரணம் எங்களுக்கும் தெரியும். கொஞ்ச நாளாக ஒரு லோடு ஆட்டோ மைக் செட் கட்டிக்கொண்டு எங்கள் ஊர்களைச் சுற்ற ஆரம்பித்திருந்தது. எங்கிருந்தோ ஐஸ் மீன் எடுத்து வந்து, வஞ்சிரம் வஞ்சிரம் என்று பாட்டுக்கு நடுவில் கத்தும். அக்கா ஒரு வாரம் வராமல் போனால் சட்டிகள் அந்தப் பக்கம் திரும்பிவிடும். திரும்பின சட்டியை மறுபடி இழுப்பது லேசில்லை. சித்திரை பிறந்தால் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரை ஏறிவிடும், அக்காவுக்கும் ஓய்வு. அப்போது இஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு எவ்வளவு நாள் வேண்டுமானாலும் காத்திருக்கலாம். அதுவரை வண்டி தாங்குமா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

மச்சான் இறங்கி வந்தான். "கேட்டுக்கக்கா. உள்ள பிஸ்டன் மேலயும் கீழயும் போயி வருது. அத சுத்தி ரிங்கு கீது. ரிங்கு தேஞ்சிருந்தா ஆயில் ஊத்தி ஊத்தி ஓட்டலாம், ஒண்ணும் ஆவாது. பிஸ்டன புடிச்சிகினு கீழ ஒரு ராடு கீது. அதோட பேரிங் போயிருந்தா, ஒருநாள் பாலத்து மேல அப்டியே சக்கரம் பூட்டிக்கும். பின்னால லாரி வந்துகினு இருக்கும். அவ்ளோதான்."

"அப்ப ரெண்டுல எதுன்னு பாரு. தெறக்காம பாரு."

திறக்காமல் பார்ப்பது எங்கள் தொழிலில் யாருக்கும் பிடிக்காத வேலை. மச்சானுக்கு நேரம் வீண், எனக்குச் சாமான் விற்காது. அக்காவுக்கோ இஞ்சினைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. அதை அவர் மறைத்ததும் இல்லை. அவர் கையில் இருந்தது அந்த ஒரு கேள்விதான். அதை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பாடாய்ப் படுத்தினார்.

மறுநாள் என்னைப் பாலாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னார்கள். அக்கா வந்ததும் அவர் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு புகையைப் பார்க்க வேண்டும். ஏறும்போது வந்தால் ரிங்கு, இறக்கத்தில் விட்டுவிட்டு மறுபடி முறுக்கும்போது வந்தால் வால்வு பக்கம் என்று மச்சான் சொல்லி அனுப்பினான். ஏற்றத்தில் எனக்கு முன்னால் ரோடே தெரியவில்லை. இறக்கத்தில் அந்த அளவு இல்லை. ஒரு பக்கம் மீன் கவிச்சி, ஒரு பக்கம் ஆயில் புகை. கடையோடு ஒட்டிய வீட்டுக்கு வந்ததும் என் மனைவி என்னைப் பின்வாசல் வழியாகப் போகச் சொன்னாள்.

"ஏர்றப்பதான் புகை" என்றேன்.

"அப்ப ரிங்குதான். சொன்னேன்ல, ரிங்கு போச்சு" என்றான் மச்சான்.

"ரிங்கு மட்டுந்தானா? ராடு நல்லா கீதுன்னு யாரு சொன்னது?" என்றார் அக்கா.

அடுத்து, மச்சான் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டான். பிளக்கை மாட்டிவிட்டு அக்காவையே உதைக்கச் சொன்னான். அதுவரை வெண்ணெயில் கால் வைத்த மாதிரி இறங்கிய கிக்கர், இப்போது அவர் காலை எதிர்த்து நின்றது. ஆயில் போய் ரிங்கின் இடுக்கை அடைத்ததால்தான் அந்த எதிர்ப்பு வந்தது. ஆகவே காற்று ஒழுகுவது ரிங்கு வழியாகத்தான். மச்சான் இதை விளக்கிவிட்டு, இத்தோடு முடிந்தது என்று கையைத் துடைத்தான்.

அக்கா நகரவில்லை. "தேஞ்சதுன்றியே. தேஞ்ச இரும்பு எங்க போச்சு? ஆவியாவா போச்சு? உள்ளதான எங்கியாச்சும் கெடக்கணும்?"

நானும் மச்சானும் ஆயிலை வடித்தோம். மச்சான் வடிகட்டத் துணி கேட்டான். அவசரத்தில் நான் எடுத்துக் கொடுத்தது என் மனைவி துவைத்து மடித்து வைத்திருந்த வெள்ளைத் துண்டு. அதில் ஊற்றி, ஒரு பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை மேலே ஓட்டினோம். சாம்பல் மாதிரி நைசான தூள் ஒட்டியது. சில்லு சில்லாக, செதில் செதிலாக எதுவும் இல்லை. பேரிங் உடைந்திருந்தால் செதில் இருக்கும் என்றான் மச்சான். அவன் குரலில் முதல்முறையாக ஆர்வம் தெரிந்தது. துண்டுக்காக அன்று நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

சத்தம்தான் பாக்கி. தட்டுகிற சத்தம் பிஸ்டன் ஆடுவதாலும் வரும், ராடு பேரிங் போனாலும் வரும். "கோவளத்துல கெளப்பறப்ப தட்டுது. திருப்போரூர் வர்றதுக்குள்ள அடங்கிடுது" என்றார் அக்கா. சூடானதும் அடங்கினால் பிஸ்டனாகத்தான் இருக்கும். ஆனால் 'இருக்கும்' என்ற சொல்லும் அவருக்குப் போதவில்லை. மச்சான் எதிரே இளநீர்க்காரரிடம் போய் ஒரு ஸ்ட்ரா வாங்கி வந்தான். பிளக் ஓட்டை வழியாக அதை உள்ளே விட்டு, பிஸ்டன் தலையில் நிற்கவைத்து, அக்காவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளே நட்டில் ஸ்பானரைப் போட்டு முன்னும் பின்னும் மெல்ல அசைத்தான். பேரிங் தேய்ந்திருந்தால் ஸ்பானர் நகர்ந்து சற்று நேரம் கழித்துத்தான் ஸ்ட்ரா நகரும்.

"கூடவே வருதா?"

"கூடவே வருது."

"நல்லா பாருக்கா."

"என் கையிலதான கீது. கூடவேதான் வருது." ஸ்ட்ராவை விடாமலே பேசினார். "எங்கப்பன் படகு ஒரு தபா கரைக்கு வர்ல. எல்லாரும் போச்சு போச்சுன்னு ஒப்பாரி வெச்சிட்டாங்கோ. எங்கம்மா மட்டும் எங்க போச்சு, எங்க போச்சுன்னு ஒவ்வொரு குப்பமா கேட்டுகினே நடந்துச்சு. மாமல்லபுரம் தாண்டி, சதுரங்கப்பட்டினம் வரைக்கும் நடந்துச்சு. எங்கப்பன் அங்க ஒரு வூட்ல குந்திகினு கஞ்சி குடிச்சிகினு கீறாரு." சொல்லிவிட்டு மச்சானைப் பார்த்தார். "இன்னொரு தபா ஆட்டு."

இன்னொரு தடவை ஆட்டினான். கூடவே வந்தது.

அன்றிலிருந்து சித்திரை பிறக்கும்வரை அக்கா ஒருநாள் தவறவில்லை. கைப்பிடியில் ஒரு பாட்டில் ஆயில் தொங்கும். செங்கல்பட்டில் நிறுத்தி அளவு பார்ப்பார், குறைந்திருந்தால் ஊற்றுவார், கிளம்புவார். மீதி மாசியும் பங்குனி முழுக்கவும் புகையோடும் தடதடவோடும் வந்தார். லோடு ஆட்டோக்காரன் எதிரில் வந்தால் மைக்கின் சத்தத்தைக் கூட்டுவான். அக்கா கொஞ்சம் முறுக்கிவிட்டுப் போவார். அந்தப் புகையில் அவன் பாட்டு இருமிக்கொண்டு நின்றதை நான் ரசித்தேன்.

தடைக்காலம் ஆரம்பித்த அன்று வண்டியைக் கொட்டகையில் விட்டார். மச்சான் இஞ்சினைத் திறந்தான். ரிங்கு தேய்ந்திருந்தது, சிலிண்டர் தேய்ந்திருந்தது. ராடு கல்லு மாதிரி இருந்தது. அக்கா ராடைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்துவிட்டு, "மூடி வைய்யி, வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லி பஸ் ஏறினார்.

வண்டி சீக்கிரமே தயாராகிவிட்டது. தார்ப்பாய் போர்த்தி ஓரமாக நிறுத்தினான். அக்கா வரவில்லை. மச்சான் போன் போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. அடுத்த முறையும் அதே.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது என் மனைவி சொன்னாள். "மீன்காரம்மா போயிடுச்சாம்."

பிசைந்த சோற்றை அப்படியே வைத்தேன். "யார் சொன்னது?"

"ஆட்டோக்காரன்தான் தெருத்தெருவா சொல்லிகினு போறான். அந்தம்மா போயிடுச்சு, இனிமே நான்தான்னு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தெருவில் பெண்கள் கொஞ்ச நேரம் கூடி நின்று பேசினார்கள், உச்சுக் கொட்டினார்கள். பிறகு ஆட்டோ வந்தது, சட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். வேறு என்ன செய்வார்கள்? வீட்டில் குழம்பு வைக்க வேண்டுமே. நான் கடைக்கு வந்து தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தடைக்காலம் முடிந்ததும், ஒரு சாயங்காலம், மதுராந்தகம் பஸ்ஸிலிருந்து முழுக்கைச் சட்டை போட்ட ஓர் உருவம் இறங்கியது. நேராகக் கொட்டகைக்கு வந்து தார்ப்பாயை இழுத்தது.

"மூடிட்டியா நைனா?"

மச்சான் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது. அழுதுவிடக் கூடாதென்று டீ வாங்கப் போனேன். மகளுக்குப் பிரசவம், அதற்காகப் போயிருந்தாராம். போன் ஐஸ் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். ஊரில் அவருக்குக் காரியமே முடிந்துவிட்டதை நாங்கள் சொல்லவில்லை. காலையில் தெருப் பெண்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான். புது ரிங்கு பழகும்வரை முறுக்கவே கூடாது, நாற்பதைத் தாண்டக் கூடாது என்று மட்டும் மச்சான் அவரிடம் சத்தியம் வாங்கினான். அன்று வீட்டில் நான் வாயைத் திறக்காமல் இருந்தது பெரிய சாதனை.

காலையில் நான் தெருமுனையில் நின்றேன். வண்டி வந்தது. புகை இல்லை, தட்டல் இல்லை, தடதட இல்லை. தையல் மெஷின் மாதிரி மெல்ல வந்து, எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றது. ஒரு கதவும் திறக்கவில்லை. ஒரு பூனைகூட வரவில்லை.

அக்கா ஹாரன் அடித்துப் பார்த்தார். ஹாரன் பால்காரரும் அடிப்பார், கேஸ்காரரும் அடிப்பார். யாரும் வரவில்லை. ஆக்சிலேட்டரில் கை போனது. சத்தியம் ஞாபகம் வந்து எடுத்துக்கொண்டார். அடுத்த தெருவில் மைக் பாட ஆரம்பித்தது. அக்கா ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"மீனே... மீனு..."

பழக்கமில்லாத குரல், பாதியில் உடைந்தது. மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது முறை தெரு முழுக்கக் கேட்டது.

என் மனைவிதான் முதலில் ஓடி வந்தாள், செருப்புமில்லாமல் சட்டியுமில்லாமல். "யக்கா! நீ போயிட்டேன்னு சொன்னாங்களே!"

"போயிட்டனா? எங்க?"

கதவுகள் திறந்தன. ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டாள், ஒருத்தி அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள். ஆட்டோக்காரன் சொன்னதை எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அக்கா முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"மக வூட்டுக்குப் போனேன். போயிடுச்சுன்னு சொன்னா நெசந்தான். எங்க போச்சுன்னு ஒருத்தியாச்சும் கேட்டீங்களாடி?"

என் மனைவி தரையைப் பார்த்தாள். நானும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "நான் கேட்டேன்."

பின் தெரு அம்மா. மானம் போச்சு என்று அழுதவள், அதற்குப் பிறகு அக்காவிடம் மீனே வாங்காதவள். கையில் சட்டியோடு நின்றாள். "அவன் ஆட்டோவ நிறுத்திக் கேட்டேன், எங்க போச்சுன்னு. பதில் சொல்லாம மைக்கப் போட்டுகினு போயிட்டான். அத்தொட்டு நான் அவன்கிட்ட வாங்கவே இல்ல."

அக்கா பெட்டியின் மூடியைத் திறந்தார்.

"சட்டியக் குடு. மொத போணி உன்னுது."